களஞ்சியச் சுவரும் உராய்வுக் கணக்கும்

நெல்லைச் சேமித்து வைப்பதற்கு எஃகுத் தகட்டால் உயரமான களஞ்சியம் கட்ட எண்ணும் மிராசுதாரர்களிடமும் கூட்டுறவுச் சங்கங்களிடமும் வியாபாரிகள் கொண்டுவந்து காட்டும் சாதனங்களுள் முக்கியமானது ஒரு வர்ணப் படமாகும். அதில் களஞ்சியத்தின் சுவர் கீழே சிவந்தும், நடுவில் மஞ்சளாயும், மேலே நீலமாயும் காணப்படும். "கம்ப்யூட்டர் கணக்கிட்டுச் சொல்லிவிட்டது, சிவந்த இடத்திலும் தகடு தாங்கும்" என்பது அப்படத்துக்கு அவர்கள் கூறும் வியாக்கியானம். இத்தகைய படத்தை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதைக் குறித்து நமது வாசகர்களுக்குச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம். எமது அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நலம். கணக்கு வேண்டியதே, அஃதில்லாமல் பெரிய களஞ்சியம் கட்டுவது அபாயகரமானது. ஆனால் நெல்லுக்கும் தகட்டுக்கும் இடையிலுள்ள உராய்வை எந்த நெல்லில், எவ்வளவு ஈரத்தில், எந்தத் தகட்டின்மேல் அளந்தார்கள் என்பதை எழுதிக் காட்டாத கணக்கு, பணம் கொடுத்து வாங்கத் தகுந்த கணக்கன்று.

ஒரு தொட்டியில் தண்ணீரை நிரப்பினால் அடித்தளத்தின்மேல் விழும் பாரம் ஆழத்துக்கேற்ப வளர்ந்துகொண்டே போகும். நெல் அவ்வாறு நடப்பதில்லை. நெல்மணிகள் ஒன்றையொன்று நெருக்கிச் சுவரையும் பக்கவாட்டில் நெருக்குகின்றன. அந்நெருக்கத்தினால் சுவருக்கும் நெல்லுக்கும் உராய்வு உண்டாகிறது. அவ்வுராய்வு நெல்லைக் கீழே இறங்கவொட்டாமல் பிடித்துக்கொள்கிறது. ஆகவே நெல்லின் எடையில் ஒரு பங்கு அடித்தளத்துக்குச் செல்லாமல் சுவரின்மேலேயே தொங்குகிறது. ஜெர்மனி தேசத்தில் யான்சென் என்ற எஞ்சினியர் சிறிய மாதிரிக் களஞ்சியங்களில் தானியத்தைக் கொட்டி, அடிப்பாரத்தை நிறுத்துப் பார்த்து, அது ஓர் எல்லைக்குமேல் வளராமல் நின்றுவிடுகிறதென்று கண்டு, அதற்கு ஒரு சூத்திரத்தையும் 1895-ல் வெளியிட்டார். நூறு வருஷங்களுக்கு மேலாகியும் களஞ்சியம் அமைப்போர் இன்றும் அச்சூத்திரத்திலிருந்தே தொடங்குகின்றனர்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். களஞ்சியத்தின் குறுக்களவு 4 மீட்டர். நெல்லின் உயரம் 10 மீட்டர். ஒரு கன மீட்டர் நெல்லின் எடை 575 கிலோ என்று வைத்துக்கொண்டால், உள்ளே இருக்கும் நெல் சுமார் 72 டன். கீழ்நோக்கிய நெருக்கத்தில் பாதியளவு பக்கவாட்டில் செல்கிறதென்றும், நெல்லுக்கும் தகட்டுக்கும் உராய்வு எண் 0.4 என்றும் கொள்வோம். உராய்வு எண் 0.4 என்பதன் பொருள் யாதெனில், சுவரை 100 கிலோ பாரத்துடன் அழுத்தும் நெல்லை அச்சுவர் 40 கிலோ வரையில் கீழே சரியாமல் பிடித்து நிறுத்தும் என்பதே. இவ்வெண்களை யான்சென் சூத்திரத்திலிட்டால், 72 டன்னில் அடித்தளம் தாங்குவது சுமார் 31 டன் மாத்திரமே. மீதி 41 டன்னையும் மெல்லிய தகட்டுச் சுவர் தாங்குகிறது என்று கிடைக்கும். நெல்லின் பெரும்பகுதியைத் தாங்குவது தரையன்று, சுவரே என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம்.

இப்பொழுது உராய்வு எண்ணை மாத்திரம் மாற்றிப் பார்ப்போம். அது 0.3 ஆனால் சுவரின்மேல் தொங்கும் பாரம் 35 டன், 0.5 ஆனால் ஏறக்குறைய 46 டன். நெல்லும் அதுவே, களஞ்சியமும் அதுவே. ஒரே ஓர் எண் சற்று அசைந்ததனால் 11 டன் வித்தியாசம் நேர்ந்துவிடுகிறது. "அப்படியானால் எண்ணைச் சற்றுத் தாராளமாக வைத்துக் கணக்கிட்டுவிட்டால் பயமில்லையே" என்று சிலர் கூறலாம். எந்தப் பக்கம் தாராளம் என்பதே இங்குள்ள சங்கடம். உராய்வு அதிகமானால் சுவரின்மேல் பாரம் ஏறி, தகரப் பெட்டியின்மேல் ஏறி மிதித்தாற்போலத் தகடு மடிந்து நசுங்கும். உராய்வு குறைந்தால் சுவர் நெல்லைத் தாங்காமல் விட்டுவிடுவதால், அடியில் பக்கவாட்டு நெருக்கம் மிகுந்து, தகடுகளை இணைக்கும் போல்ட்டு வரிசை கிழியும். மேற்கண்ட களஞ்சியத்தின் அடிப்பாகத்தில் ஒரு சதுர மீட்டருக்கு இப்பக்க நெருக்கம், எண் 0.5 ஆனால் சுமார் 1,060 கிலோ, 0.3 ஆனால் சுமார் 1,490 கிலோ. மத்தளத்துக்கு இருபுறமும் இடி என்பது போல இவ்விஷயத்தில் கூட்டினாலும் அபாயம், குறைத்தாலும் அபாயம். இதனாலேயே ஐரோப்பிய நாடுகளின் களஞ்சிய விதிகள், ஒவ்வொரு தானியத்துக்கும் உராய்வின் மேல் அளவு, கீழ் அளவு ஆகிய இரண்டையும் வைத்துத் தனித்தனியே கணக்கிட்டுப் பார்க்கவேண்டுமென்று விதித்திருக்கின்றன. நம்மிடம் வரும் வர்ணப் படமோ பெரும்பாலும் ஒன்றே ஒன்றாக இருக்கிறது.

இவையெல்லாம் நெல் அசையாமல் இருக்கும்பொழுது. அடிவாயைத் திறந்து நெல்லை இறக்கத் தொடங்கினால் சுவரின்மேல் நெருக்கம் நிரப்பும்போது இருந்ததைவிட அதிகமாகும். வாய் நடுவில் இராமல் ஓரமாக அமைந்திருந்தால், ஒரு பக்கத்து நெல் மாத்திரம் ஓடி, மறுபக்கம் நிலைத்து நின்று, வட்டமான சுவர் ஒருபுறம் உள்வாங்கிவிடும். பல நாடுகளில் களஞ்சியங்கள் விழுந்ததற்கு இதுவே காரணமாயிருந்திருக்கிறது.

நிற்க. நமது முன்னோர் குதிரும் பத்தாயமும் கட்டியது எந்தக் கணக்கைப் பார்த்து என்று கேட்கும் பெரியோர்களும் உண்டு. அவர்களது அனுபவம் பெரிதும் மதிக்கத் தக்கதே. ஆனால் அனுபவம் அளவோடு கூடவே வளர்வதில்லை. குறுக்களவு 1 மீட்டரும் உயரம் 2 மீட்டருமுள்ள ஒரு வீட்டுக் குதிரில் அதே 0.4 என்ற எண்ணை வைத்துக் கணக்கிட்டால், அடியில் ஒரு மீட்டர் உயரத்துச் சுவரைப் பிளக்கப் பார்க்கும் இழுவிசை சுமார் 143 கிலோ. நாம் மேலே கண்ட களஞ்சியத்தில் அவ்விசை சுமார் 2,490 கிலோ. அகலம் 4 மடங்கும் உயரம் 5 மடங்கும் ஆயின. பிளக்கும் விசையோ 17 மடங்காயிற்று. குதிர் கட்டிய கை எவ்வளவு தேர்ந்ததாயினும் இந்த 17 மடங்கை அது உணர்ந்திருக்க வழியில்லை. ஆகையினாலேயே கணக்கு வேண்டும் என்கிறோம்.

இனி அக்கணக்கு எவ்வாறு செய்யப்படுகிறது, அதில் எங்கே சந்தேகம் நுழைகிறது என்பதைப் பார்ப்போம். உராய்வு பாரத்துக்கு ஏற்றபடி இருக்குமேயன்றிப் படும் பரப்புக்கு ஏற்றபடி இராது என்பதை அமோன்தோன் என்பார் 1699-ல் பாரிஸ் விஞ்ஞான சபையில் எடுத்துரைத்தார். பிரெஞ்சு ராணுவ எஞ்சினியராகிய கூலோம் என்பவர், கப்பல் கட்டும் துறையில் பெரிய பாரங்களை வைத்து இழுத்துப் பார்த்து, அவ்விதியை 1785-ல் உறுதிப்படுத்தினார். விதி இரண்டு வரியில் அடங்கிவிடும். ஆயினும் கம்ப்யூட்டருக்கு இதைப்போல் தொல்லை கொடுக்கும் விதிகள் மிகச் சிலவே.

ஏனெனில், உராய்வு என்பது குறிப்பிட்ட ஒரு விசையன்று. அது ஒரு ஜாமீன்தாரரைப் போன்றது. கேட்ட அளவே கொடுக்கும். ஒப்புக்கொண்ட தொகைக்குமேல் கொடாது. சாய்ந்த பலகையில் அசையாமல் இருக்கும் மூட்டையை உராய்வு எவ்வளவு பிடித்திருக்கிறது என்று கேட்டால், "மூட்டை இறங்கப் பார்க்கும் அளவு" என்பதே விடை. பலகையை இன்னும் சாய்த்து, தொகை எல்லையைத் தாண்டிய பிறகுதான் மூட்டை நழுவுகிறது. ஆகவே கணக்கிடுபவன் ஒவ்வொரு தொடுமிடத்திலும் மூன்று நிலைகளுள் எது நடக்கிறதென்று அறியவேண்டும்: தொடவேயில்லை, தொட்டு ஒட்டி நிற்கிறது, தொட்டு நழுவுகிறது. எது என்று தெரிந்தாலன்றி விசையைக் கணக்கிட முடியாது. விசையைக் கணக்கிட்டாலன்றி எது என்று தெரியாது. எங்கே தொடுகிறது என்பதே முன்கூட்டித் தெரியாத இத்தகைய பிரச்சினையை இத்தாலிய விஞ்ஞானி சிக்னோரினி 1933-ல் எழுப்பினார். அதிலே உராய்வைச் சேர்க்கவுமில்லை. அவ்வாறிருந்தும் அதற்கு விடை உண்டு, ஒரே விடைதான் உண்டு என்று அவருடைய மாணவர் ஃபிக்கேரா நிரூபிப்பதற்கு 1963 வரையில் சென்றது. உராய்வைச் சேர்த்தால் அந்த உறுதியும் போய்விடுகிறது. யான்சென் தமது சூத்திரத்தை வெளியிட்ட அதே 1895-ல், பின்னாளில் பிரான்சின் பிரதம மந்திரியாக விளங்கிய கணித நிபுணர் பன்லெவே, சற்றும் வளையாத திடப் பொருளையும் கூலோம் விதியையும் சேர்த்தால் சில நிலைகளில் கணக்குக்கு விடையே இல்லாமலும், சில நிலைகளில் ஒன்றுக்கு மேற்பட்ட விடைகளோடும் நின்றுவிடும் என்று காட்டினார். கரும்பலகையில் சாக்குக்கட்டியை முன்னோக்கித் தள்ளும்போது அது துள்ளித் துள்ளிப் புள்ளிகள் இடுவதைப் பள்ளிப் பிள்ளைகளும் கண்டிருப்பார்கள். அத்தகைய நிலைதான் அது.

இந்தச் சிக்கலை விடுவிக்க எஞ்சினியர்கள் கையாளும் வழிகள் பெரும்பாலும் இரண்டு. முதலாவதற்கு அபராத முறை என்றே பெயர். ஒரு பொருள் மற்றொன்றுக்குள் புகக் கூடாது என்பது இயற்கையின் கட்டளை. அடுத்தவன் வரப்பைத் தாண்டலாகாது என்பது போல. அபராத முறையில் சிறிது தாண்டுவதற்கு இடங்கொடுத்து, தாண்டிய தூரத்துக்குத் தக்கபடி ஒரு வில்லைப்போல் திருப்பித் தள்ளும் விசையை அபராதமாக விதிக்கிறார்கள். அபராதம் குறைவாயிருந்தால் நெல்மணி சுவருக்குள்ளேயே அமிழ்ந்துவிடும். மிக அதிகமாயிருந்தால் கணக்கு நிலைகொள்ளாமல் துள்ளும். இரண்டாவது முறையில் தாண்டவே விடுவதில்லை. தொடுமிடத்து நெருக்கத்தையே தெரியாத எண்ணாக வைத்து, எங்கே ஒட்டும், எங்கே நழுவும் என்று ஓர் ஊகம் செய்து கணக்கிட்டு, வந்த விடை ஊகத்தோடு ஒத்துவராவிட்டால் ஊகத்தைத் திருத்தி, ஒத்துவரும் வரையில் மீண்டும் மீண்டும் கணக்கிடுவார்கள். இது சிரமமானது, ஆயினும் நேர்மையானது. இரண்டையும் கலந்து செய்வதும் உண்டு.

நெல் முதலிய தானியங்களுக்கு மணிமணியாகக் கணக்கிடும் முறையொன்று பிரபலமாகியிருக்கிறது. பாறைகளின் அசைவை ஆராய்வதற்காகக் கண்டல் என்பார் 1971-ல் கொண்டுவந்த முறை அது. அவரும் ஸ்ட்ராக் என்பாரும் 1979-ல் வெளியிட்ட கட்டுரையின் பிறகு எங்கும் பரவிற்று. மணி ஒவ்வொன்றையும் தனிப் பொருளாக வைத்து, அதைத் தொடும் மணிகள் எவை, எவ்வளவு நெருக்குகின்றன, ஒட்டுகின்றனவா நழுவுகின்றனவா என்று பார்த்து, அதன்படி மணியைச் சற்று நகர்த்தி, மறுபடியும் பார்ப்பது இம்முறை. ஒரு தடவைக்கு நகரும் காலம் ஒரு விநாடியில் லட்சத்தில் ஒரு பங்காகவோ அதற்கும் குறைவாகவோ இருக்கும். விதைக் கருவியின் குழியில் விதை எவ்வாறு அகப்படுகிறது, கதிரடிக்கும் யந்திரத்தில் மணி எங்கே அடிபடுகிறது என்பன போன்ற காரியங்களுக்கு இம்முறை மிகவும் உபயோகமானதென்பதில் ஐயமில்லை. ஆனால் ஆயிரம் நெல்மணி 24 கிராம் என்று கொண்டால், மேலே சொன்ன 72 டன்னில் 300 கோடி மணிகள் இருக்கின்றன. அத்தனையையும் கணக்கில் வைப்பது சாதாரண ஸ்தாபனங்களுக்கு இயலாது. ஆகையால் மணியைப் பெரிதாக்கி எண்ணிக்கையைக் குறைப்பார்கள். மணியின் கடினத்தை நூறு மடங்கோ ஆயிரம் மடங்கோ குறைத்துக் காலத்தை மிச்சம் பிடிப்பார்கள். நீண்ட நெல்லுக்குப் பதிலாக உருண்டையை வைத்து, அது கோலிக்குண்டாய் உருண்டோடிவிடாதபடி உருளும் உராய்வு என்று மற்றோர் எண்ணைச் சேர்ப்பார்கள்.

இச்சுருக்கங்கள் எல்லாம் குற்றமென்று நாம் சொல்லவில்லை. அவை செய்யப்பட்டன என்பதை வாங்குபவனுக்குச் சொல்லாமலிருப்பதே குற்றம். ஓர் உதாரணம் கூறுவோம். ஒட்டுவது, நழுவுவது என்ற திடீர் மாற்றம் கணக்குக்கு இடைஞ்சலாயிருப்பதால், சில கணக்குகளில் அதைச் சற்றே மழுக்கிவிடுகிறார்கள். எவ்வளவு மெதுவாயினும் நழுவினால்தான் உராய்வு பிறக்கும் என்று வைத்துவிடுகிறார்கள். அதன் விளைவு யாதெனில், களத்தில் நாள் முழுதும் அசையாமல் கிடக்கும் நெற்குவியல், கம்ப்யூட்டருக்குள் மெல்ல மெல்ல இளகிப் பரவிக்கொண்டே இருக்கும். அது நெல்லின் குணமன்று, முறையின் குணம்.

இதனினும் முக்கியமானது எண்களைப் பொருத்தும் விதம். பெரும்பாலோர் செய்வது, நெல்லை ஒரு தளத்தில் கொட்டிக் குவியலின் சரிவை அளந்து, கம்ப்யூட்டர் குவியலும் அதே சரிவோடு நிற்கும் வரையில் உராய்வு எண்களைத் திருகுவது. நழுவும் உராய்வைக் கூட்டி உருளும் உராய்வைக் குறைத்தாலும், இதைக் குறைத்து அதைக் கூட்டினாலும் அதே சரிவு கிடைக்கும். குவியல் ஒத்துவந்தது என்பதனால் எண்கள் சரியென்று ஆகிவிடாது. அவ்வெண்களைக் களஞ்சியத்துக்குக் கொண்டுபோனால் இரண்டும் இரண்டு விடை சொல்லும். ஒரே மொத்தத் தொகையைக் காட்டும் இரண்டு அடங்கல்கள் உள்ளே வெவ்வேறு சர்வே எண்களைக் கொண்டிருக்கக்கூடும் என்பது கிராம அதிகாரிகளுக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

குவியல் என்ற பேச்சு வந்தபடியால் இன்னொன்றும் சொல்லவேண்டும். களத்து மேட்டில் கொட்டிய குவியலின் அடியில் பாரம் எங்கே அதிகம் என்று கேட்டால், உச்சிக்கு நேர் கீழே என்று எல்லோரும் சொல்வார்கள். மணலைக் குறுகிய வாயிலிருந்து ஒரே இடத்தில் கொட்டிக் குவித்தால், உச்சிக்கு நேர் கீழே பாரம் சற்றுக் குறைந்தும், அதைச் சுற்றியுள்ள இடத்தில் அதிகமாயும் இருப்பதைப் பரிசோதனைகள் காட்டியிருக்கின்றன. அதே மணலை மழைபோலப் பரவலாகத் தூவிக் குவித்தால் அக்குறைவு காணப்படுவதில்லை என்று 1999-ல் வெளியான பரிசோதனையில் கண்டார்கள். மணல் ஒன்றே, உருவம் ஒன்றே, உராய்வு எண்ணும் ஒன்றே. கொட்டிய விதம் வேறு. ஜாமீன்தாரர் பலராயிருந்தால், கடன் அடைந்த பிறகு மொத்தத் தொகையைப் பார்த்து யார் எவ்வளவு கொடுத்தார் என்று சொல்ல முடியாதல்லவா? முதலில் யாரிடம் கேட்கப்பட்டது என்பது தெரியவேண்டும். ஆகவே களஞ்சியக் கணக்கில், நெல் மேலே நடுவிலிருந்து கொட்டப்படுகிறதா, ஓரத்திலிருந்து கொட்டப்படுகிறதா என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும். நமக்குத் தெரிந்தவரை வியாபாரிகளின் தாள்களில் இது காணப்படுவது அரிது.

உராய்வு எண்தான் ஒன்றாக நிற்கிறதா என்றால், அதுவுமில்லை. ஈரம் ஏறினால் நெல் தகட்டைப் பிடிக்கும் பிடி அதிகமாகும். புதிய தகட்டில் ஒரு விதம். சில வருஷங்கள் நெல் உரசி உரசி வழவழப்பான பின் வேறு விதம். அலை மடிப்புள்ள தகடாயிருந்தால் மடிப்பின் குழியில் நெல் தங்கி, நெல் தகட்டின்மேல் நழுவாமல் பெரும்பாலும் நெல்லின்மேலேயே நழுவும். அங்கே எண் இன்னும் பெரிதாயிருக்கும். சன்ன ரகமும் மோட்டா ரகமும், மூக்கில் கூருள்ளதும் இல்லாததும் ஒரே விதமாக நடக்கும் என்று எதிர்பார்ப்பதற்குக் காரணமில்லை. வேறு தேசத்துக் கோதுமைக்கும் மக்காச்சோளத்துக்கும் அளந்த எண்ணை எடுத்து, மழைக்கு முந்தி அவசரமாக அறுத்த நம் குறுவை நெல்லுக்குப் போட்டுக் கணக்கிட்டால் வரும் விடை, கணக்கில் பிழையில்லாத தவறான விடை. உழவிலும் இதே நிலைமைதான். அமெரிக்காவில் அலபாமா ராஜ்யத்தில் நிக்கோல்ஸ் என்பவர் 1920-களிலும் 1930-களிலும் மண்ணுக்கும் கலப்பைத் தகட்டுக்கும் உள்ள உராய்வை ஆராய்ந்து, உலர்ந்த மண்ணில் அது ஒரு விதமாயும், ஈரம் ஏறும்போது மண் தகட்டில் ஒட்டிக்கொண்டு இழுவை மிகுந்தும், இன்னும் ஈரம் ஏறினால் நீரே எண்ணெய்போல் வழுக்கி இழுவை குறைந்தும் போகிறதென்று காட்டினார். சேற்றுழவு செய்யும் நம் குடியானவர்களுக்கு இம்மூன்று நிலைகளும் மாடுகளின் பெருமூச்சிலிருந்தே தெரிந்தவை. ஒரே எண்ணை வைத்து எல்லா மண்ணிலும் கலப்பை ஓட்டிக் காட்டும் படத்தைக் கண்டால் அவர்கள் சிரிப்பார்கள். நெல் விஷயத்திலும் அச்சிரிப்பு வரவேண்டும் என்பதே எமது கோரிக்கை.

இது வெறும் பண விஷயம் மாத்திரமன்று. ஈர நெல் சுவரோடு ஒட்டி மேலே பாலம்போல் கட்டிக்கொண்டு, கீழே நெல் இறங்கி வெற்றிடமாயிருக்கும்பொழுது, மேலே ஏறிக் குத்திவிடப் போகிறவன் பாலம் உடைந்து உள்ளே விழுந்துவிடுகிறான். அடிவாய் திறந்திருக்கையில் நெல்லின்மேல் நிற்பவன் சில விநாடிகளில் அமிழத் தொடங்குவான். இடுப்பளவு அமிழ்ந்தவனைக் கயிறு கட்டி இழுத்து எடுப்பதும் அரிது. மணிகளின் உராய்வு அவனைச் சுற்றிலும் இறுக்கிக்கொள்ளும். அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகம் இத்தகைய விபத்துக்களைப் பல்லாண்டுகளாகத் தொகுத்து வருகிறது. களஞ்சியம் வாங்கும் சங்கம், அடிவாயை மூடிப் பூட்டாமல் எவரையும் உள்ளே இறக்குவதில்லை என்று தீர்மானம் எழுதி வைத்த பிறகே முதல் மூட்டையைக் கொட்டவேண்டும்.

இனி என்ன செய்யலாம்? தஞ்சாவூரிலுள்ள உணவுத் தொழில்நுட்ப நிறுவனமும் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகமும் இதற்கு வேண்டிய அறிவும் ஆட்களும் உடையவை. தானியத்தைப் பாரத்தின்கீழ் வைத்து நழுவச் செய்து அளக்கும் கருவியை யெனிக்கே என்பவர் அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்தில் உருவாக்கி, அதைக் கையாளும் முறையையும் 1964-ல் விரிவாக எழுதி வெளியிட்டார். அது புதுமையான சாதனமன்று. நமது பிரதான நெல் ரகங்கள் ஒவ்வொன்றுக்கும், 12 சதவீதம் முதல் 20 சதவீதம் வரை ஈரத்தில், துத்தநாகம் பூசிய தகடு, அலைமடிப்புத் தகடு, சிமெண்டுச் சுவர் ஆகியவற்றின்மேல் அளந்து, மேல் அளவும் கீழ் அளவும் அடங்கிய ஓர் அட்டவணையை விவசாய இலாகா வெளியிடவேண்டும். சர்க்கார் மானியம் பெறும் களஞ்சியம் எதுவாயினும், அவ்வட்டவணையின் இரண்டு அளவுகளிலும் கணக்கிட்டுக் காட்டப்பட்டாலன்றி மானியம் இல்லையென்று ஒரு நிபந்தனையும் சேர்க்கலாம். இதற்கு ஆகும் செலவு, ஒரே ஒரு களஞ்சியம் மடிந்து விழுந்தால் ஆகும் நஷ்டத்துக்கு முன் பெரிதாயிராது என்பது எமது அபிப்பிராயம். செலவைக் காட்டிலும் காலதாமதமே தடையாயிருக்கும் என்று அஞ்சுகிறோம்.

அட்டவணை வரும் வரையில் காத்திராமல் விவசாயிகள் தாங்களே செய்து பார்க்கக்கூடிய பரீட்சையொன்று உண்டு. களஞ்சியத்துக்கு உபயோகிக்கப்போகும் தகட்டில் ஒரு துண்டை வியாபாரியிடம் கேட்டு வாங்கி, பலகையின்மேல் பதித்துக்கொள்க. அடியும் மேலும் திறந்த ஒரு சிறு மரச் சட்டத்தை அதன்மேல் வைத்து, நெல்லை நிரப்பி, நெல் மாத்திரம் தகட்டைத் தொடும்படி சட்டத்தை ஒரு காகிதக் கனம் தூக்கிவிட்டு, பலகையின் ஒரு முனையை மெதுவாக உயர்த்திக்கொண்டே வருக. நெல் சட்டத்தோடு நழுவத் தொடங்கிய கணத்தில் நிறுத்தி, தரைமட்டமாக அளந்த 1 மீட்டர் தூரத்துக்குப் பலகை எத்தனை சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறதென்று பார்க்க. 40 சென்டிமீட்டர் ஆனால் எண் 0.4; 30 ஆனால் 0.3. களஞ்சியத்தின் ஆழத்திலுள்ள பெரும் நெருக்கத்தை இச்சிறு சட்டம் காட்டாதாகையால் இதை ஆய்வுக்கூட அளவுக்கு ஈடாகக் கொள்ளலாகாது. ஆயினும் வியாபாரியின் தாளிலுள்ள எண் நம் நெல்லுக்கு அருகிலாவது இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். ஒரே தடவை பார்த்து நிறுத்தாமல் பத்துத் தடவையாவது செய்து, மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் குறித்துக்கொள்ளவேண்டும். காய்ந்த நெல்லில் ஒரு முறையும், கொள்முதல் நிலையங்களின் சாதாரண வரம்பாகிய 17 சதவீத ஈரத்தை ஒட்டிய நெல்லில் ஒரு முறையும் செய்வது நலம். ஈரம் அளக்கும் கருவி கொள்முதல் நிலையங்களில் இருக்கிறபடியால், கிராம நிர்வாக அதிகாரியோ சங்கக் காரியதரிசியோ ஒரு கைப்பிடி நெல்லை எடுத்துச் சென்று அளந்து, ரகத்தின் பெயர், அறுத்த தேதி, ஈரம், பலகையின் உயரம் ஆகிய நான்கையும் ஒரே தாளில் எழுதி, களஞ்சிய ஒப்பந்தத்தோடு சேர்த்துத் தைத்துவைக்கலாம்.